கல்யாணப் பந்தலில் போலீஸ்

கல்யாணப் பந்தலுக்குள் போலீஸ்காரர் நுழைவதைக் காண யாருக்குத்தான் பிடிக்கும்? வாழை மரம் கட்டிய வாசலில் காக்கிச் சட்டை தென்பட்டதும் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தி விடுகிறார். பந்தியில் உட்கார்ந்தவர்கள், இலையை விட்டு எழுந்திருப்பதா, பாயஸம் வரும் வரையில் பொறுத்திருப்பதா என்று யோசிக்கிறார்கள். சுபகாரியத்தில் இப்படி ஓர் அபசகுனமா என்று பெரியவர்கள் தலையில் அடித்துக் கொள்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வயது 14 என்றால் அபசகுனம் எது? போலீஸ்காரர் வந்ததா, அவர் வரும்படி நேர்ந்ததா?

குழந்தைகளைத் தீங்கினின்றும் காப்பதற்குப் போலீஸாரிடம் எவ்வளவு அதிகாரத்தை ஒப்படைப்பது, ஒப்படைத்த அதிகாரம் வரம்பு மீறாதிருக்க என்ன காவல் வைப்பது என்னும் பிரச்னை எல்லாத் தேசங்களிலும் உண்டு. பாலிய விவாக விஷயத்தில் நம் தேசத்தார் இந்தப் பிரச்னையோடு நூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாக மல்லுக்கு நின்று வருகிறார்கள். அந்தக் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், இன்றைக்கு நாம் எங்கே தவறிப் போகிறோம் என்பதும் ஒருவாறு புலனாகும்.

1860-ஆம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு, பத்து வயது நிரம்பாத மனைவியைக் கணவன் கூடுவது பலாத்காரக் குற்றம் என்று சொல்லிற்று. பத்து நிரம்பிவிட்டால் குற்றமில்லை. 1890-இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. பத்து வயதைத் தாண்டியிருந்த ஒரு சிறுமி, முப்பது வயது கடந்த தன் கணவனால் உயிரிழந்திருந்தாள். பத்து வயது தாண்டிவிட்டபடியால் பலாத்காரக் குற்றம் அவன்மேல் நிற்கவில்லை; வேறொரு சிறிய குற்றத்துக்கே தண்டனை கிடைத்தது. தேசமெங்கும் எழுந்த கூக்குரலின் பயனாக மறு வருஷம், அதாவது 1891-இல், அந்த வயது 12 ஆக உயர்த்தப்பட்டது. அதற்கே எத்தனை எதிர்ப்பு! திலகர் பெருமானே அதை எதிர்த்தார். பாலிய விவாகம் நல்லது என்பதற்காக அல்ல. அந்நிய சர்க்கார் நம் குடும்பங்களுக்குள் சட்டத்தை நீட்டலாகாது என்பதே அவருடைய வாதம்.

சட்டம் செய்தவர்களுக்கும் உள்ளூற அந்தப் பயம் இருக்கத்தான் செய்தது. 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 561-ஆவது பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். கணவன்மேல் இந்தக் குற்றம் சாட்டப்பட்டால், பிரதம மாகாணத் தலைநகர் மாஜிஸ்ட்ரேட்டோ ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டோ தவிர வேறு யாரும் வழக்கை எடுத்துக் கொள்ளக் கூடாது. விசாரணைக்கு அனுப்பினாலும் இன்ஸ்பெக்டருக்குக் கீழ்ப்பட்ட எந்தப் போலீஸ்காரரும் அதில் கை வைக்கக் கூடாது. சாதாரணக் கான்ஸ்டபிள் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு வீடு வீடாகப் புகுந்து பணம் பறிப்பான் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இத்தனை பூட்டுக்களையும் திறந்துகொண்டு ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் அழுகுரல் ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டின் காதுக்கு எட்டுவது எப்படி? காவல் முழுவதும் வீட்டுக்காரனுக்கு, குழந்தைக்கு ஒன்றுமில்லை.

பிறகு வந்தது சாரதா சட்டம். ஆஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சாரதா கொண்டு வந்த மசோதா 1929 செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, பிள்ளைக்கு 18. நிறைவேறியதற்கும் அமலுக்கு வந்ததற்கும் இடையில் ஆறு மாதம் அவகாசம் இருந்தது அல்லவா? அந்த ஆறு மாதமும் புரோகிதர்களுக்கு ஓய்வில்லை. தொட்டில் குழந்தைகளைக்கூட மடியில் வைத்துத் தாலி கட்டி முடித்தார்கள். 1931-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், கல்யாணமான சிறுவர் சிறுமியரின் தொகை வீங்கி நின்றது. குழந்தைகளைக் காப்பதற்குச் செய்த சட்டத்தின் முதற்பலன் அது!

சட்டம் அமலுக்கு வந்த பின்புதான் என்ன? போலீஸார் தாமாகத் தலையிட முடியாது. யாராவது ஒருவர் ஒரு வருஷத்துக்குள் பெரிய மாஜிஸ்ட்ரேட்டிடம் போய்ப் பிராது கொடுக்க வேண்டும். பிராது பொய்யானால் எதிரிக்கு நஷ்டஈடு கொடுப்பதற்காக, பிராது கொடுப்பவர் நூறு ரூபாய் வரையில் ஜாமீன் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்தக் காலத்து நூறு ரூபாய்! அடுத்த வீட்டுப் பெண்ணின் நன்மைக்காக அதைப் பணயம் வைக்க எத்தனை பரோபகாரிகள் முன்வந்திருப்பார்கள்? எல்லாத் தடையையும் கடந்து குற்றம் ருசுவானாலும், கல்யாணம் கல்யாணம்தான். அது செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. அபராதத்தையும் சீர்வரிசைக் கணக்கில் சேர்த்து எழுதிக் கொண்டால் தீர்ந்தது.

ஆனாலும் அன்றைய தலைவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. சாரதா சட்டம் அமலுக்கு வந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 6-ஆம் தேதி, தண்டிக் கடற்கரையில் மகாத்மா ஒரு பிடி உப்பை எடுத்தார். அந்த மாதக் கடைசியில் ராஜாஜி வேதாரண்யத்தில் அதையே செய்தார். ஊர் ஊராகத் தொண்டர்களின் மண்டையில் தடி விழுந்து கொண்டிருந்தது. அந்தத் தடியைப் பிடித்திருந்த கையிடம், "எங்கள் வீட்டுக்குள் வந்து எங்கள் பெண்களைக் காப்பாற்று" என்று யார் கேட்பார்கள்? போலீஸாரிடம் ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லாத இடத்தில் குழந்தைகளுக்கான சட்டமும் நொண்டியாகவே நடக்கும். இது அந்தக் காலத்துக்கு மட்டும் உரிய உண்மை என்று நினைத்துவிட வேண்டாம்.

சுயராஜ்யம் வந்தது. 1949-இல் பெண்ணின் வயது 15 ஆயிற்று. 1978-இல் பெண்ணுக்கு 18, பிள்ளைக்கு 21 என்று ஏறிற்று. போலீஸார் விசாரிக்கலாம் என்று அப்போது அனுமதி கிடைத்தது. வாரண்டு இல்லாமல் கைது செய்யலாகாது என்ற தடை மட்டும் நீடித்தது. அந்தக் காலத்தில் ராஜஸ்தானில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். படேரி என்ற கிராமத்தில் சர்க்காரின் பெண்கள் நலத் திட்டத்தில் ஓர் ஏழைப் பெண்மணி ஊழியம் செய்து வந்தார். 1992-ஆம் வருஷம், அவ்வூர்ச் செல்வாக்குள்ள குடும்பம் ஒன்றில் ஒரு வயதுகூட நிரம்பாத சிசுவுக்குக் கல்யாணம் ஏற்பாடாயிற்று. வேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தார். போலீஸாரும் ஊருக்குள் வந்து தடுத்தார்கள். அவர்கள் திரும்பிப் போன பின் கல்யாணம் நடந்தே விட்டது. போலீஸாருக்குத் தகவல் கொடுத்தவர் அவர்தான் என்று ஊரார் முடிவு கட்டினார்கள். சில மாதங்களுக்குப் பின் அவர் கூட்டுப் பலாத்காரத்துக்கு ஆளானார். அவருக்கு நேர்ந்த கொடுமையை ஒட்டியே, பெண்கள் வேலை செய்யும் இடங்களில் அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று 1997-இல் சுப்ரீம் கோர்ட் விசாகா தீர்ப்பை வழங்கியது. தேசத்துப் பெண்களுக்கெல்லாம் அதனால் நன்மை கிடைத்தது. அந்தச் சிசுவின் கல்யாணம் மட்டும் நின்றபாடில்லை.

இந்த ஒரு சம்பவத்தில் இரண்டு பாடங்கள் அடங்கியிருக்கின்றன. போலீஸார் வந்துவிட்டுப் போவதனால் மட்டும் கல்யாணம் நிற்காது. தகவல் சொன்னவரின் பெயர் வெளியானால் அடுத்த தடவை யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அமலில் இருப்பது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். 2007 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றம் இப்போது போலீஸார் தாமாகவே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். ஜாமீனில் விட முடியாத குற்றமுங்கூட. சிறுமியை மணக்கும் பெரியவனுக்கும், நடத்தி வைப்பவருக்கும், உடந்தையாக இருப்பவருக்கும் இரண்டு வருஷம் வரையில் கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதம். பெண்களுக்கு மட்டும் சிறைத் தண்டனை இல்லை. இந்தச் சட்டத்துக்கென்றே தனி அலுவலர்களை நியமிக்க வேண்டும். நம் தமிழ்நாட்டில் ஜில்லாதோறும் உள்ள சமூக நல அலுவலரே அந்தப் பொறுப்பை வகிக்கிறார்.

இவற்றையெல்லாம் பேசுகிறவர்கள் அனேகமாக ஒரு பிரிவை மறந்து விடுகிறார்கள். 13-ஆவது பிரிவு. ஒரு குழந்தைத் திருமணம் நடக்கவிருக்கிறது என்று யார் மனுக் கொடுத்தாலும், நம்பத் தகுந்த தகவலின்மேல் தாமாகவே கூட, முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட் அதைத் தடை செய்து உத்தரவு போடலாம். அவசரமானால் எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்பு இல்லாமலே இடைக்காலத் தடை விதிக்கலாம். அடுத்த பிரிவு இன்னும் முக்கியமானது: தடை உத்தரவை மீறி நடந்த கல்யாணம் ஆதிமுதலே செல்லாது. சாதாரணமாக நடந்துவிட்ட குழந்தைத் திருமணமோ அப்படியன்று; பெண்ணே கோர்ட்டுக்குப் போய், தனக்கு 20 வயது ஆவதற்குள், அதை ரத்துச் செய்யும்படி கேட்க வேண்டும். (கர்நாடகம் இதை ஒப்பாமல், தன் எல்லைக்குள் குழந்தைத் திருமணமே செல்லாது என்று திருத்தம் செய்து கொண்டிருக்கிறது.) முன்கூட்டி வாங்கிய ஒரு காகிதத்துக்கு எவ்வளவு பலம் பாருங்கள்! கைவிலங்குக்கு அந்தப் பலம் கிடையாது.

நடைமுறையில் நாம் காண்பது என்ன? உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்த நமக்கு இந்தக் காட்சி பழகிப் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. தோழிகளை விசாரித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லையாம்; கண்ணை மூடுவதற்குள் பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டுமாம்; மாப்பிள்ளை வேறு யாருமல்ல, தாய்மாமன்தானாம். தகவல் போகிறது. அலுவலர் வருகிறார், உடன் இரண்டு போலீஸார். பந்தல் பிரிக்கப்படுகிறது. தகப்பனாரிடம், "என் மகளுக்கு 18 வயது நிரம்பும் வரையில் திருமணம் செய்ய மாட்டேன்" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக் கொள்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில், "சிறுமியின் திருமணம் தடுத்து நிறுத்தம்" என்று ஒரு பத்தி வெளியாகிறது. அடுத்த மாதம் வேறொரு ஜில்லாவில், குலதெய்வத்தின் சந்நிதியில், மேளதாளமில்லாமல் நாலு பேருக்கு நடுவே காரியம் முடிந்து விடுகிறது. வெள்ளைத் தாள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

அந்தத் தாளுக்குப் பதில் மாஜிஸ்ட்ரேட்டின் தடை உத்தரவு அந்தக் குடும்பத்தின் கையில் இருந்திருந்தால்? குலதெய்வக் கோயில் கல்யாணம் செல்லாததாகியிருக்கும். மீறியவர்கள் தனிக் குற்றத்துக்கு ஆளாகியிருப்பார்கள். இது தெரியாத அலுவலர்கள் இல்லை. கோர்ட்டுக்கு நடக்க வேண்டும், மனு எழுத வேண்டும், சாட்சி தேட வேண்டும். எழுதி வாங்குவதோ அரை மணி வேலை.

தடுப்பதில் இவ்வளவு சோம்பல் என்றால், தண்டிப்பதில் சில சமயம் வரும் உற்சாகம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. 2023 பிப்ரவரியில் அஸ்ஸாமில், நடந்து முடிந்த குழந்தைத் திருமணங்களுக்காகச் சில வாரங்களுக்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். கணவன்மார், தகப்பன்மார், புரோகிதர், காஜி என்று ஒருவரையும் விடவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசல்களில் கைக்குழந்தைகளோடு இளம் பெண்கள் உட்கார்ந்து அழுதார்கள். யாரைக் காப்பதற்காகச் சட்டம் பிறந்ததோ அவர்களே அந்தப் பெண்கள். சோறு போடுகிறவனைக் கொண்டு போய்விட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை சட்டத்துக்கு இருந்தது. முன் ஜாமீன் மனுக்களை விசாரித்த கௌஹாத்தி ஹைகோர்ட், இவர்களைக் காவலில் வைத்து விசாரிக்க என்ன அவசியம் என்று வினவி, குடும்பங்கள் குலைவதைக் கண்டித்தது.

குழந்தைத் திருமணம் செய்தவர்கள்மேல் நமக்கு அனுதாபம் பொங்குகிறது என்று யாரும் எண்ண வேண்டாம். பதின்மூன்று வயதுப் பெண்ணை மணந்தவனைக் கம்பிக்குப் பின்னால் வைப்பதில் நமக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் முகூர்த்த நாளன்று காணாமற் போயிருந்த போலீஸ், மூன்று வருஷத்துக்குப் பின் நள்ளிரவில் கதவைத் தட்டுவதைப் பாதுகாப்பு என்று சொல்ல நா எழவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவர்களோடு உறவு கொள்வது குற்றம். தெரிந்தவர்கள் போலீஸுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் அதுவும் குற்றம். 2017-இல் சுப்ரீம் கோர்ட், கணவனாக இருந்தாலும் 18 வயதுக்குட்பட்ட மனைவி விஷயத்தில் விலக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. கொள்கை சரியே. ஆனால் கர்ப்பமான பதினேழு வயதுப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். போலீஸ் வந்தால் கணவன் சிறைக்குப் போவான். ஆகவே அவள் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. வீட்டிலேயே நாட்டு வைத்தியம், சில சமயம் வீட்டிலேயே மரணம். இந்த அபாயத்தை உணர்ந்துதான் 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், கருவைக் கலைக்க வரும் சிறுமி கேட்டுக் கொண்டால் டாக்டர் தம் அறிக்கையில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை என்று ஒரு ஜன்னலைத் திறந்து விட்டது.

அதே போக்ஸோ சட்டம் போலீஸாருக்கு விதித்திருக்கும் சில சிறு கட்டுப்பாடுகள் நம் மனத்தை மிகவும் கவர்கின்றன. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ எழுத வேண்டும். கூடிய வரையில் சப் இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரியே எழுத வேண்டும். அப்போது அவர் உடுப்பு அணிந்திருக்கலாகாது. பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ அருகில் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் விசேஷக் கோர்ட்டுக்கும் செய்தி போக வேண்டும். 1898-இல் வைத்த காவல் வீட்டுத் தலைவனின் மானத்துக்காக. 2012-இல் வைத்த காவல் குழந்தையின் பயத்தைப் போக்குவதற்காக. நூறு வருஷத்தில் நாம் முன்னேறியிருக்கிறோம் என்பதற்கு, உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று போலீஸ்காரருக்குச் சொல்லும் இந்த ஒரு வரியே போதுமான அத்தாட்சி. ஆனால் பந்தலிலிருந்து ஒரு பெண்ணை மீட்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த வரி ஞாபகத்தில் இருக்கிறதா? கூட்டம் வேடிக்கை பார்க்க, செல்போன்கள் படம் பிடிக்க, குற்றவாளியைப் போல் தலை குனிந்து அவள் ஏறுவதை நாம் கண்டிருக்கிறோம்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 18 நிரம்பும் முன்பே மணமானவர்கள் 2005-06-இல் நூற்றுக்கு 47 பேர். 2019-21-இல் 23 பேர். தமிழ்நாட்டில் சுமார் 13 பேர். பாதியாகக் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படலாம். இந்தக் குறைவுக்குப் போலீஸார் எவ்வளவு காரணம்? தேசம் முழுவதிலும் இந்தச் சட்டத்தின் கீழ் 2021-இலும் 2022-இலும் பதிவான வழக்குகள் வருஷத்துக்கு ஆயிரத்தை ஒட்டியவையே. பெண்களைப் பள்ளிக்கூடம்தான் பெரும்பாலும் காத்திருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். சொந்தத் தொழிலைப் புகழ்ந்து கொள்வதாக வாசகர்கள் நினைத்தாலும் பாதகமில்லை. 1989-இல் தமிழ்நாட்டு சர்க்கார் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் தொடங்கிய திருமண உதவித் திட்டம், ஓரளவு படிப்பும் 18 வயதும் இருந்தால்தான் பணம் என்றது. 2022-இல் அதையே மாற்றி, சர்க்கார் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் காலேஜுக்குத் திரும்பியது நல்ல காரியம்.

2024 அக்டோபர் 18-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த விரிவான தீர்ப்பும் இந்த வழியில்தான் செல்கிறது. வழக்குப் போடுவதை அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தடுப்பதே முதல் நோக்கமாக இருக்க வேண்டும் என்கிறது. தடை அலுவலர்களுக்கு வேறு வேலைகளைச் சுமத்தாமல் இதற்கென்றே நியமிக்க வேண்டும் என்கிறது. போலீஸாருக்கும் மாஜிஸ்ட்ரேட்டுகளுக்கும் இதில் பயிற்சி கொடுக்கச் சொல்லுகிறது.

தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. பெண் நம் வகுப்பில் இருக்கிறாள். ஆகையால் ஜில்லா அதிகாரிகளிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பாலிய விவாகங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் நடப்பவை. ஏப்ரல் பரீட்சை எழுதிய பெண் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வருவதில்லை. எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரையில், பள்ளி திறந்து ஒரு வாரமாகியும் வராத பெண்களின் பெயர்களைத் தலைமை ஆசிரியர் தடை அலுவலருக்கு எழுத வேண்டும் என்று ஓர் உத்தரவு போடட்டும். பரீட்சை முடியும்போதே, விடுமுறையில் கல்யாணம் என்று காதில் விழுந்த பெண்களின் பெயர்களும் போகட்டும். தகவல் கொடுத்தவர் யார் என்பதை ஸ்டேஷனில் உரக்கப் படிக்காமல் இருக்கட்டும். அலுவலர் வீட்டுக்குப் போகட்டும். காக்கிச் சட்டை வேண்டியதில்லை. தகப்பனார் எழுதித் தரும் தாளை வாங்கிக் கொள்ளட்டும். அதோடு நிற்காமல் அன்றே மாஜிஸ்ட்ரேட்டிடம் 13-ஆவது பிரிவின் கீழ் மனுவும் கொடுக்கட்டும். ராத்திரி வேளையில் எந்தப் பெண்ணாவது தானே பேச விரும்பினால் 1098 என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பாடப் புத்தகத்தின் அட்டையில் அச்சிட்டால் மட்டும் போதாது, கரும்பலகையின் மூலையில் வருஷம் முழுவதும் அழிக்காமல் எழுதி வைக்க வேண்டும். எங்கள் வகுப்பில் எழுதி வைத்திருக்கிறோம். பலகையைத் துடைக்கும் பெண்கள் அந்த மூலையை மட்டும் தொடாமல் துடைக்கப் பழகியிருக்கிறார்கள்.